இடுப்பளவு வலை

1. முதல் நாள் கேள்வி

பிராய்லர் கம்பெனியில் ஃபீல்டு சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் நாள், திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் டீ குடிக்க நின்றேன். சட்டையில் கம்பெனி பேட்ஜ் குத்தியிருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அதைப் படித்துவிட்டு, கிளாஸை என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், கோழிக்குத் தெனம் ஊசி போடுவீங்களாமே. அதான் நாப்பது நாள்ல ரெண்டு கிலோ வருதாம். நெசந்தானா?"

"தெரியலைங்க, இன்னைக்குத்தான் சேர்ந்திருக்கேன்" என்றேன். நான் எதையோ மறைக்கிறேன் என்ற முகத்தோடு டீயைக் கொடுத்தார். அதற்குப் பிறகு வேலை பார்த்த காலம் முழுக்க, கல்யாண வீடு, பஸ், பல் டாக்டர் நாற்காலி என்று எங்கே உட்கார்ந்தாலும் இதே கேள்விதான். ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. போன மாதம் ஒரு வளைகாப்பில் ஒருவர் கோழித் தொடையைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

இப்போது இளைஞர்கள் சிலர் வேறு கேள்வியோடு வருகிறார்கள். ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் கோழி வளர்க்கப் போகிறார்களாம். சீக்கிரம் வளர்கிற கோழியைப் போடலாமா, மெதுவாக வளர்கிறதைப் போடலாமா, உடம்புக்கு எது நல்லது, எதற்கு மார்க்கெட் இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊசியை முடித்துவிடுகிறேன். ஐயாயிரம் கோழியைத் தினமும் பிடித்து ஊசி போட ஆள் எங்கே இருக்கிறான்? எங்கள் பக்கம் நாற்று நடவே ஆள் கிடைப்பதில்லை. ஊசி கிடையாது. அதிகம் தின்று சீக்கிரம் சதை போடும் கோழிகளாகப் பொறுக்கி எடுத்து, அவற்றையே ஜோடி சேர்த்து, தலைமுறை தலைமுறையாக இப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். குஞ்சு முட்டையை விட்டு வெளியே வரும்போதே பெரும்பசியோடு வருகிறது. தின்னும், தண்ணீர் குடிக்கும், உட்காரும். ஐந்தாவது வாரத்தில் நெஞ்சுக்கறி கனத்துப்போய், கால் அதைத் தாங்காது. இதயமும் அப்படித்தான் திணறும். நாங்கள் அதை "நல்ல வெயிட்" என்று ரிப்போர்ட் போடுவோம்.

உடம்புக்கு எது நல்லது என்பதற்கு என் பதிலைக் கேட்டு இரண்டு கட்சிக்காரர்களும் கோபித்துக்கொள்வார்கள். பிராய்லர் விஷம் இல்லை. நோய்க்குக் கொடுத்த மருந்தை லிஃப்டிங்குக்கு முன்னால், அதாவது கோழியை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், உரிய நாளில் நிறுத்தியிருந்தால் அது சாதாரணக் கறிதான். நிறுத்தாமல் ஏற்றுகிறவனும் இருக்கிறான், அது கோழியின் குற்றமில்லை. மெதுவாக வளரும் நாட்டுக்கோழி நடந்து, ஓடி, கிளறித் தின்று வளர்கிறது. கொழுப்புக் குறைவு, சதை கெட்டி, ருசி கூடுதல். அதற்காக அது கஷாயம் ஆகிவிடாது. சுகருக்கும் மூட்டுவலிக்கும் நாட்டுக்கோழி சூப்பு என்று போர்டு வைத்திருப்பவனை நம்ப வேண்டாம்.

இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். கிடைக்காதது தனத்தின் ஷெட்டில் நடந்தது.

2. திறந்த கதவு

தனலட்சுமியைத் தனம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வாய்க்கால் ஓரத்து ஊர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவர் அனுப்பிய பணத்தில் ஷெட் போட்டு, எங்கள் கம்பெனிக்குப் பன்னிரண்டு வருஷம் கோழி வளர்த்தாள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். ஷெட், கரண்ட், உழைப்பு அவளுடையது. வளர்த்துக் கொடுத்தால் கூலி.

கணவருக்கு முதுகு போய்விட்டது. அங்கே இனிமேலும் சிமெண்ட் மூட்டை தூக்கிக்கொண்டிருக்க முடியாது. இந்த ஷெட்டில் ஒரு நிலையான வருமானம் நின்றுவிட்டால் அவரை வரச் சொல்லிவிடலாம், இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவளுடைய ஒரே எண்ணம். எதைப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். ஷெட் நின்றால் அவர் வருவார், நிற்காவிட்டால் அங்கேயே கிடப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

என் வேலையின் கடைசி வருஷம், கத்திரி வெயில். நடுப்பகலில் கரண்ட் போய் ஃபேன்கள் நின்றுவிட்டன என்று தனம் போன் செய்தாள். நான் வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கோழிகள் மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். லிஃப்டிங்குக்குத் தயாராக இருந்த பேட்ச். உட்கார்ந்த இடத்திலேயே வாயைப் பிளந்து செத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் டிரிங்கர் ஒரு முழ தூரத்தில் இருந்தது. அதுவரை கூடப் போகவில்லை.

"சார், கதவ ரெண்டையும் தொறந்து விட்டேன் சார். வாய்க்கா கரையில எவ்ளோ நெழலு, எவ்ளோ காத்து. ஒண்ணாவது எந்திரிச்சு வரணுமே? தொறந்த கதவப் பாத்துக்கிட்டே செத்துப்போகுதுங்க."

மாலையில் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அவள் சேலை முழுக்க இறகு. கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்.

"போதும் சார். இனிமே ஓடத் தெரிஞ்ச கோழியத்தான் வளப்பேன்."

"ஓடத் தெரிஞ்ச கோழிக்கு ஓட எடம் வேணும் தனம். ஒனக்கு இருக்கறது மூணு மா. சுத்தி எல்லாம் நெல்லு" என்றேன். ஒரு ஏக்கர்தான் மூன்று மா.

அவள் விலகுகிறாள் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போனா போகட்டும் விடுங்க சார். ஷெட் எங்க ஓடிப்போயிடப் போவுது? அடுத்த வருஷம் அவங்களே வருவாங்க." எனக்கு அவர் மேல் வந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. அவர் சொன்னது பலித்துவிட்டது என்பதுதான் முக்கியக் காரணம்.

தனத்துக்குத் தைரியம் சொன்னவர் வாத்தியார். பக்கத்து வயல் அவருடையது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒரு காலத்தில் அந்த ஊரில் பாதி நிலம் அவர் குடும்பத்துடையதுதான், இப்போது பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பிராய்லர் அவர் வீட்டு நிலைப்படியைத் தாண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்லுவார். என்னைப் பார்த்தால், "வாங்க விஷ வியாபாரி" என்று கூப்பிடுவார். நானும் சிரித்துக்கொள்வேன்.

"ரொம்ப நல்ல முடிவும்மா" என்றார் தனத்திடம், ஆவணியில் ஒரு நாள். "சனங்க நல்ல கோழிக்கு ஏங்கிக் கெடக்குது. நீ வள. ஊரே ஒங்கிட்டதான் வாங்கும். மொத ஆளு நான். எம் பொண்ணு மாசியில பிரசவத்துக்கு வருது. பத்தியத்துக்கு ஒன் கோழிதான், இப்பவே சொல்லி வச்சுக்க."

அவள் முகம் மலர்ந்து போனது. அன்றைக்கே கணவருக்கு போன் செய்து, இந்த வேலை பெர்மிட் முடிந்ததும் வந்துவிடலாம் என்று சொல்லிவிட்டாள்.

3. கோழி பறக்கிறது

ஐப்பசியில் சிறுவிடைக் குஞ்சுகள் வந்தன. நம் ஊர் நாட்டுக்கோழி ஜாதி. கறுப்பு, செம்பட்டை, சாம்பல் என்று நிறத்துக்கொன்றாக இருந்தன. வெள்ளையைத் தவிர வேறு நிறம் பார்க்காத ஷெட்டுக்குள் அவை ஓடியது வேடிக்கையாக இருந்தது. வெளியே அடைமழை, வயலெல்லாம் தண்ணீர். ஷெட்டைத் திறக்க வழியில்லை. பிராய்லராக இருந்தால் இரண்டு பேட்ச் முடிந்திருக்கும் காலத்தில் இவை புறாவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தன. தீவனம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. தை பிறந்து சம்பா அறுத்துவிட்டால் வயலைத் திறந்து விடலாம், சிந்திய நெல்லும் புழுவும் தின்னும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சம்பா அறுத்த வயல் வெறும் வயல் இல்லை. கதிர் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். மிஷின் அறுத்துவிட்டுப் போன பிறகு தாள்களுக்கு, அதாவது அறுத்த அடிக்கட்டைகளுக்கு, நடுவே உளுந்து பச்சையாக முளைத்து நிற்கும். தனம் தன் மூன்று மாவில் மட்டும் அந்த வருஷம் உளுந்து தெளிக்கவில்லை. கோழிக்கென்று விட்டுவிட்டாள். சுற்றி மற்ற வயல் எல்லாம் உளுந்துதான்.

அதனால் வேலி வேண்டும். நாகப்பட்டினம் பக்கத்துப் படகுக்காரர்கள் கழித்துப்போடும் பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கிவந்து, மூங்கில் குச்சி நட்டு, வரப்போடு வரப்பாக மூன்று மாவையும் சுற்றிக் கட்டினாள். இடுப்பளவு உயரம். நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். வேலை இல்லாத மனுஷனுக்கு வேடிக்கை பார்க்கத் தெரியும் அல்லவா? போய்ப் பார்த்தேன். வலையை இழுத்துப் பார்த்து, "நல்லா இறுக்கமாத்தான் கட்டியிருக்க. கீரிகூட நுழையாது" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தாள். கோழிகள் முதலில் வாசலில் நின்று தலையைச் சாய்த்து வெளிச்சத்தைப் பார்த்தன. ஒன்று இறங்கியது. அப்புறம் மொத்தமும் வயலுக்குள் கொட்டிவிட்டது. காலால் தாளைக் கிளறுவதும், ஒன்று கண்டெடுத்த புழுவை இன்னொன்று பிடுங்கிக்கொண்டு ஓடுவதுமாக ஒரே அமளி. தனம் ஷெட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். "சார், இதுக்குப் பேருதான் கோழி" என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அதற்கு மறுநாள் போன் வந்தது. சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

"சார்! கோழி பறக்குது சார்!"

நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "எங்க பறக்குது?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "வாத்தியாரய்யா உளுந்துல சார்" என்றாள்.

கோழி பறக்கும் என்பதை நாங்கள் இரண்டு பேரும் மறந்து போயிருந்தோம். பிராய்லர் ஷெட்டில் குஞ்சுக்குத் தடுப்பு என்றால் ஓரடித் தகரம். அதைத் தாண்டிய கோழியை நான் என் வேலையில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. சின்னக் குழந்தையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். நாங்கள் கோழி நிபுணர்கள் அல்லவா, எங்களுக்கு இடுப்பளவு வலையே மதில் சுவராகத் தெரிந்தது.

வாத்தியார் வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"தனம், ஓடியாடி வளந்த கோழி வேணும்னுதான் சொன்னேன். என் உளுந்துல ஓடச் சொல்லலையே."

"மன்னிச்சுக்கங்கய்யா. ரெண்டு நாள்ல வலைய ஒசத்திடறேன்."

"பொண்ணு வேற வந்திருக்கு. சத்தம் போட வேணாம்னு பாக்கறேன்."

அவர் பேசியது அநியாயம் இல்லை. முளை முளையாகக் கிள்ளித் தின்றிருந்தன. விதைத்தவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஒன்று கேட்கத் தோன்றியது. நடந்து வளர்ந்த கோழிதான் வேண்டும் என்கிறார்கள். அது யார் நிலத்தில் நடப்பது? நெல்லுக்கும் உளுந்துக்கும் போக எங்கள் பக்கம் ஒரு சாண் தரை சும்மா கிடையாது. கோழி அடுத்தவன் வயலில் நடந்து நம் வீட்டு அடுப்புக்கு வர வேண்டும் என்றுதான் ஆளாளுக்கு ஆசைப்படுகிறார்கள்.

இறக்கையைக் கத்தரிக்கச் சொன்னேன். ஒரு பக்கத்து இறக்கையில் நீள இறகுகளை வெட்டிவிட்டால் பறக்க முடியாது, வலியும் இருக்காது. அன்று சாயங்காலம் நானும் அவளும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தோம். ஷெட்டுக்கு வந்ததையெல்லாம் பிடித்து வெட்டினோம். கைக்குச் சிக்காதவை பறந்து போய் வாய்க்கால் கரைப் பூவரச மரங்களில் அடைந்துவிட்டன. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். நாலைந்து நாள் அப்படியே ஓடியது. மரத்துக் கோழிகள் மரத்திலேயே பழகிவிட்டன.

4. குச்சியில் கட்டிய துணி

உளுந்தில் புழு விழுந்திருந்தது. வாத்தியார் ஆள் வைத்து மருந்து அடித்தார். எங்கள் ஊரில் பூச்சிக்கொல்லிக்கு மருந்து என்றுதான் பெயர். சொல்லாமல் செய்தார் என்று அவர் மேல் பழி போட மாட்டேன். காலையிலேயே வந்து, "இன்னைக்கு மருந்தடிக்கறோம், கோழிய அடைச்சு வை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அடித்து முடித்ததும் வயல் மூலையில் குச்சி நட்டு, மாடு மேய்ப்பவர்களுக்கு அடையாளமாக ஒரு சிவப்புத் துணியும் கட்டியிருந்தார். தனமும் ஷெட்டை அடைத்துவிட்டாள்.

மரத்தில் அடைந்திருந்தவை மறுநாள் விடிந்ததும் இறங்கின. துடித்து மேலே வந்து கிடந்த புழுக்களைப் பொறுக்கித் தின்றுவிட்டு, வழக்கம்போலத் தீவன நேரத்துக்கு ஷெட்டு வாசலுக்கு வந்தன. அவை உளுந்துக்குள் போய்விட்டு வருகின்றன என்று தனத்துக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து உள்ளே விட்டாள். அலகில் கவ்வி வந்த புழுவை மற்றவை பிடுங்கித் தின்று, எல்லாம் கலந்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் ஒன்று கழுத்து துவண்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. நான் போனபோது முப்பது கோழி போல வரிசையாகக் கிடத்தி வைத்திருந்தாள். மற்றதெல்லாம் நன்றாகக் கிளறித் தின்றுகொண்டிருந்தன.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். "எது தின்னுச்சு, எவ்வளவு தின்னுச்சுன்னு சொல்ல முடியாதும்மா. உசுரோட இருக்கறதெல்லாம் பொழைச்சுக்கும். ஆனா சில வாரத்துக்கு விக்காதீங்க. அடைச்சு வச்சு நல்ல தீவனம் போடுங்க. நான் வந்து பாத்துச் சொல்றேன்" என்றார்.

அவர் வண்டி கிளம்பும் முன்னாலேயே இன்னொரு வண்டி வந்து நின்றது. கூண்டு கட்டிய ஆட்டோ. கடைத்தெருவில் கோழிக்கடை வைத்திருக்கும் சேகர். ஊரில் யார் வீட்டுக் கோழி தும்மினாலும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, உசுரோட இருக்கறத மொத்தமா தூக்கிக்கறேன். நாட்டுக்கோழி ரேட்டே தர்றேன். நாளைக்கு இன்னும் நாலு விழுந்துச்சுன்னா யாரு பொறுப்பு?"

"சேகர், மருந்து பட்ட கோழிடா" என்றேன்.

"சார், நாம திங்கற நெல்லு, உளுந்து, கத்திரிக்கா எல்லாம் மருந்தடிச்சதுதான். கோழி மட்டும் என்ன விரதமா இருக்கு?"

தனம் என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கூண்டில் ஏற்றிவிட்டால் அந்த வருஷப் பாடு தீர்ந்தது, அடுத்த பேட்ச் போடலாம், அவர் வரலாம். அடைத்து வைத்தால் தீவனம் தின்னும், சில வாரம் கழித்து யார் வாங்குவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"சார், இதெல்லாம் பிள்ள பெத்த வீட்டுக்குத்தானே போகும்?"

"அதிகமா அங்கதான் போகும்" என்றேன். நாட்டுக்கோழியை வேறு யார் தேடி வாங்குகிறார்கள்?

"வண்டிய எடுத்துக்கிட்டுப் போ சேகரு" என்றாள் தனம். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். நான் மனதுக்குள் அவளைக் கும்பிட்டேன். வெளியே சொல்லவில்லை. கும்பிடு தீவனம் வாங்கித் தராது.

5. வைக்கோல் புகை

கோழி சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தனம் அத்தனை பேரிடமும் உள்ளதைச் சொன்னாள். "மருந்து பட்டுடுச்சு, கொஞ்ச நாள் பொறுங்க, டாக்டர் சொன்னதும் தர்றேன்." அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். போனவர்கள் ஊருக்குள் சொன்னது "தனம் வீட்டுல மருந்துக்கோழி" என்ற ஒரு வார்த்தைதான்.

வாத்தியார் பெண்ணுக்குப் பிரசவம் ஆகி, பையன் பிறந்திருந்தான். உளுந்துக்கும் கோழிக்குமாக ஏதாவது பேசித் தீர்க்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க விஷ வியாபாரி. தனம் கோழி மருந்துக்கோழி ஆயிடுச்சு, பச்சை உடம்புக்காரிக்கு அதைக் கொடுக்க முடியுமா? சேகர் கடையில வாங்கினேன். மஞ்சத் தடவி வைக்கல்ல வாட்டினது. அசல் நாட்டுக்கோழி. மூணு விசில்ல பஞ்சா வெந்துடுச்சு பாருங்க."

மருந்தை அடித்தவர், மருந்துக்கோழி என்றார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. தட்டைப் பார்த்தேன். எலும்பு தடியாக, வெளுத்து, பல் பட்டால் நசுங்குகிற மாதிரி இருந்தது. அது கலர்க்கோழி. பார்ப்பதற்கு நாட்டுக்கோழி மாதிரி நிறம் நிறமாக இருக்கும். ஷெட்டுக்குள் தீவனத்தில் சீக்கிரம் வளரும் கலப்பு ஜாதி. சேகர் கடை வாசலில் பாதி டிரம்மில் வைக்கோலைக் கொளுத்தி, இறகு பிடுங்கிய கோழிக்கு மஞ்சள் பூசி வாட்டுவான். தோல் மஞ்சளாகி, புகை வாசனை தெரு முனை வரைக்கும் வரும். வாட்டிவிட்டால் எந்தக் கோழியும் நாட்டுக்கோழிதான். மூன்று விசிலில் நாட்டுக்கோழி வேகாது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் அந்தப் பெண், நம்பி ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. உளுந்துப் பேச்சையும் எடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

டாக்டர் திரும்பி வந்து பார்த்து, இனி விற்கலாம் என்றார். தனம் வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். யாரும் வரவில்லை. "மருந்துக்கோழியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. சுற்று வட்டாரத்திலேயே உண்மையான நாட்டுக்கோழி அந்த ஷெட்டில்தான் இருந்தது. அதை வளர்த்தவள் உண்மையைச் சொல்லிவிட்டாள், அதுதான் அவள் செய்த தப்பு. கடைசியில் தானே சேகருக்கு போன் செய்தாள். பிராய்லர் ரேட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு வாரம் கழித்துக் கடையில் என்னைப் பார்த்து அவனே சொல்லிச் சிரித்தான். "சார், அக்கா கோழிய வித்து நான் வாங்கின திட்டு கொஞ்சமில்ல. ஏழு விசில் விட்டும் வேகல, கெழட்டுக் கோழியக் கொடுத்து ஏமாத்திட்டேன்னு சண்டைக்கு வர்றாங்க. கலர்க்கோழி கொடுத்தா அசல்னு பாராட்றாங்க. நான் என்னதான் பண்ணட்டும்?"

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஜனங்களுக்கு மெதுவாக வளர்ந்த கோழியின் பெயர் வேண்டும், வேகமாக வளர்ந்த கோழியின் மெத்து வேண்டும். அவன் இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறான்.

6. பூவரசில் ஒரு சேவல்

மேனேஜர் சொன்னபடியே ஆயிற்று. தனம் கம்பெனிக்குத் திரும்பினாள். கணவர் பெர்மிட்டைப் புதுப்பித்துக்கொண்டார். போனில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "முதுகுக்குப் பெல்ட் வாங்கிட்டாராம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

கம்பெனி ஷெட் இருக்கும் இடத்தில் வேறு கோழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நோய் தொற்றும் என்று விதி. நானே வருஷக்கணக்காக எல்லாப் பண்ணையிலும் சொல்லி வந்த விதிதான் அது. புது சூப்பர்வைசரும் வந்து சொல்லிவிட்டுப் போனார். தனத்திடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சேவல். யார் கைக்கும் சிக்காமல் பூவரச மரத்திலேயே குடியிருந்தது. செம்பட்டையும் கறுப்புமாக, வால் வளைந்து, நல்ல மிடுக்கான சேவல். மறுநாள் குஞ்சு வண்டி வருவதாக இருந்தது. "சேவல நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க சார்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அன்று காலையில் நான் ஷெட்டுத் தரையில் குஞ்சுகளுக்கு மெத்தையாக உமி பரப்ப அவளுக்குக் கூடமாட ஒத்தாசை செய்துகொண்டிருந்தேன்.

வரப்பு வழியாக வாத்தியார் வந்தார். ஷெட்டுப் பக்கம் அவர் வந்து பல நாள் ஆகியிருந்தது.

"தனம், மரத்துல இருக்கே அந்தச் சேவல், அதை யாருக்கும் கொடுத்துடாத. எனக்கு வேணும்."

"எதுக்குங்கய்யா?"

"பொண்ணுக்கு நல்லபடியா பிரசவம் ஆகணும்னு வீரனாருக்கு வேண்டியிருந்தேன். குலதெய்வம். வர்ற வெள்ளிக்கிழமை சேவல் அறுக்கணும்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சேகர் கடையில அசல் நாட்டுக்கோழி இருக்கே, வாத்தியாரே" என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "என்ன சார், நீங்க தெரியாத ஆளா? அது கலர்க்கோழி. அதைப் போயி சாமிக்கு அறுக்க முடியுமா?"

கையிலிருந்த உமிக்கூடையை நான் கீழே வைத்துவிட்டேன்.

"பொண்ணுக்கு அதைத்தானே வாங்கிக் கொடுத்தீங்க?"

"நாட்டுக்கோழி வேணும்னு கேட்டுச்சு. இதான் அதுன்னு சொல்லிட்டேன். சீக்கிரம் வேகுது, மெத்துன்னு இருக்கு, அதுவும் ஆசையா சாப்பிட்டுச்சு. பொண்ணுக்கு என்ன தெரியப்போவுது? சாமிக்குத் தெரியுமே."

தனம் குனிந்து உமியைப் பரப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது. கோபமாகப் பேசுவாள் என்று நினைத்தேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அது மருந்துக்கோழிங்கய்யா. சாமிக்கு ஆகாது."

திரும்பிக் குனிந்து உமியைப் பரப்ப ஆரம்பித்துவிட்டாள். வாத்தியார் மரத்தை ஒரு தடவை பார்த்தார். வந்த வழியே போய்விட்டார். சாயங்காலம் சேவல் தீனிக்கு இறங்கியபோது தனமே பிடித்து, பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு என் வண்டியில் மாட்டினாள். இப்போது என் வீட்டு முருங்கை மரத்தில் இருக்கிறது. மறுநாள் அவள் ஷெட்டில் வெள்ளைக் குஞ்சுகள் இறங்கின.

கோழி வளர்க்கப் போகும் தம்பிகளே, பாடம் இதுதான். சீக்கிரம் வளரும் கோழிக்குத் தீவனமும் ஃபேனும் போதும். மெதுவாக வளரும் கோழிக்கு நாள் வேண்டும், நடக்கத் தரை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதைச் சாப்பிடத் தெரிந்த ஆள் வேண்டும். குஞ்சுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால் அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். வாயால் "நாட்டுக்கோழிதான் வேணும்" என்று சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உடம்புக்கு எது நல்லது என்று இப்போதும் கேட்கிறார்கள். முன்பெல்லாம் கொழுப்பு, சதை, மருந்து என்று விளக்கமாகச் சொல்லுவேன். இப்போது சொல்வதில்லை. "ஒங்க வீட்டு சாமிக்கு எதை அறுப்பீங்க?" என்று திருப்பிக் கேட்கிறேன். "நாட்டுச் சேவலத்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.